ஒரு சிட்டிகை உப்பும் பிள்ளைகளின் வளர்ச்சியும்: தைராய்டு சுரப்பியின் வரலாறு



'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்னும் பழமொழி நம் பள்ளிகளில் அடிக்கடி ஒலிப்பது. நன்றாகப் படிக்கும் பிள்ளையைப் பாராட்டும்போது அஃது இனிமையாக இருக்கிறது. பின்தங்கிய பிள்ளையைப் பற்றிப் பேசும்போது அதே பழமொழி ஒரு தீர்ப்பாக மாறிவிடுகிறது. முளையிலேயே தெரிந்துவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைவிடுவதற்கு அது துணைபோகிறது. ஆனால், முளை வாடியிருந்தால் விதை கெட்டதா, மண்ணில் சத்து இல்லையா என்று உழவர் ஆராய்வார். பிள்ளைகள் விடயத்தில் நாமும் அவ்வாறு ஆராய வேண்டும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் ஓர் அருமையான சான்று உண்டு. அதுவே தைராய்டு சுரப்பியின் வரலாறு.

நான் மருத்துவர் அல்லேன். பல ஆண்டுகளாகத் தமிழ்ப்பள்ளியில் கற்பித்து வரும் ஆசிரியர். இவ்வரலாற்றின் முக்கியமான திருப்பம் ஒன்று பள்ளிக்கூடங்களிலேயே நிகழ்ந்தது என்பதால்தான் இதை எழுத விழைந்தேன்.

சுரப்பியும் அதன் பணியும்

நம் கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. அது குருதியிலிருந்து அயோடின் என்னும் தனிமத்தை எடுத்துக்கொண்டு தைராக்சின் என்னும் இயக்குநீரைச் செய்கிறது. ஹார்மோன் என்று நாம் அன்றாடம் கேள்விப்படும் பொருள்களைத்தான் தமிழில் இயக்குநீர் என்கிறோம். தைராக்சின் உடலின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு விரைவாக வேலை செய்ய வேண்டும் என்பதை நெறிப்படுத்துகிறது. எலும்பு நீள்வதற்கும் அது வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தாயின் கருப்பையிலும் பிறந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிலும் மூளை உருவாவதற்கு அது இன்றியமையாதது.

தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 120 மைக்ரோகிராம் அயோடின் தேவை என உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்கு. ஓர் ஆண்டு முழுமைக்கும் கணக்கிட்டாலும் 0.05 கிராமை எட்டாது. இவ்வளவு சிறிய ஒன்று கிடைக்காததால் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் வளர்ச்சி குன்றிப் போனார்கள் என்பதைத்தான் இனிக் காணப் போகிறோம்.

மலைநாட்டுத் துயரம்

கடல்நீரிலும் கடற்பாசியிலும் மீனிலும் அயோடின் உண்டு. கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ள மலைப்பகுதிகளில் பனியாறுகளும் மழையும் மண்ணிலிருந்த அயோடினைப் பல்லாயிரம் ஆண்டுகளாக அரித்துக்கொண்டு போய்விட்டன. அந்த மண்ணில் விளைந்ததை உண்டவர்களின் தைராய்டு சுரப்பி, கிடைக்கும் சிறிதளவு அயோடினைப் பிடித்து வைக்க முயன்று வீங்கியது. இதுவே முன்கழுத்துக் கழலை. நடு ஆசியாவின் யார்க்கந்து நகரில் இத்தகைய கழுத்து வீக்கத்தைக் கண்ட மார்கோ போலோ, அவ்வூர்த் தண்ணீரே அதற்குக் காரணம் என்று கருதினார்.

சுவிட்சர்லாந்து, பிரான்சு, இத்தாலி ஆகிய நாடுகளின் ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் நிலைமை மிகக் கொடியது. கழலை அங்கே பெரியவர்களிடம் வெகு இயல்பாகக் காணப்பட்டது. அதே ஊர்களில், வளர்ந்தும் சிறுபிள்ளையின் உயரமே உடையவர்களாய், காது கேளாதவர்களாய், பேச இயலாதவர்களாய், அறிவு வளர்ச்சி குன்றியவர்களாய்ப் பலர் பிறந்தனர். அவர்களைக் 'கிரெட்டின்' என்று அழைத்தனர். இச்சொல் கிறித்தவர் என்னும் பொருள் தரும் வட்டாரச் சொல்லிலிருந்து பிறந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. 'இவர்களும் நம்மைப் போன்ற மனிதர்களே' என்னும் இரக்கத்தில் பிறந்த அச்சொல், காலப்போக்கில் வசைச்சொல்லாகிவிட்டது.

நம் ஆசிரியர் அறைகளிலும் இப்படிப்பட்ட சொற்கள் உண்டு. 'மந்தம்' என்கிறோம். மலாய் மொழியில் 'லெம்பாம்' என்கிறோம். சொல்லத் தொடங்கும்போது அது ஒரு விளக்கமாக இருக்கிறது. சில மாதங்களில் அந்தப் பிள்ளையின் பெயராகவே ஆகிவிடுகிறது.

ஆல்ப்ஸ் மக்களும் தங்கள் பிள்ளைகளுக்கு நேர்ந்ததற்குப் பல காரணங்கள் சொன்னார்கள். பள்ளத்தாக்கில் தேங்கிய காற்று என்றனர். பனி உருகிய நீர் என்றனர். உறவுக்குள் மணம் செய்வது என்றனர். பெற்றோரின் பாவம் என்றும் சொன்னவர்கள் உண்டு. உண்மையான காரணம் மட்டும் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

கல்வியால் குணப்படுத்த முயன்ற மருத்துவர்

1836ஆம் ஆண்டு. சுவிட்சர்லாந்தின் ஊரி மாநிலத்தில் சீடார்ப் என்னும் சிற்றூர். வழியோரச் சிலுவையின் முன்னே, வளர்ச்சி குன்றிய ஒருவர் தமக்குத் தெரிந்த வழிபாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவ்வழியே சென்ற இளம் மருத்துவர் யோஹான் யாக்கோப் குக்கென்பூல் அதைக் கண்டு உள்ளம் உருகினார். வழிபாட்டைக் கற்றுக்கொள்ள முடிந்தவருக்கு மற்றவற்றையும் கற்பிக்கலாமே என்று எண்ணினார். 1841இல் இன்டர்லாக்கன் நகருக்கு அருகே ஆபெண்ட்பர்க் மலையில், இத்தகைய பிள்ளைகளுக்கென ஓர் உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காக உலகில் தோன்றிய முதல் உறைவிட நிலையங்களுள் அதுவும் ஒன்று.

தூய மலைக்காற்று, நல்ல பால், உடற்பயிற்சி, நீராட்டு, ஒலிப்பயிற்சி, நினைவுப் பயிற்சி என அனைத்தும் அங்கே முறையாக நடைபெற்றன. ஐரோப்பா முழுவதிலுமிருந்து மக்கள் வந்து கண்டு வியந்தனர். பிள்ளைகள் குணமடைகிறார்கள் என்னும் செய்தி பரவியது. ஆனால், 1850களின் இறுதியில் நிலையத்தை ஆராய்ந்தவர்கள், குணமடைந்ததாகக் கூறப்பட்டவை மெய்யல்ல என்று கண்டனர். 1863இல் குக்கென்பூல் மறைந்தார். நிலையமும் மூடப்பட்டது.

ஆசிரியர்களாகிய நாம் இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அவருடைய அன்பில் குறையில்லை. அவர் வகுத்த பயிற்சிகளில் பலவற்றை இன்றைய சிறப்புக் கல்வியும் ஏற்றுக்கொள்ளும். ஆனால், அந்தப் பிள்ளைகளுக்கு இல்லாமற்போனது பயிற்சி அன்று. தாயின் வயிற்றிலிருந்தே கிடைக்காத ஓர் இயக்குநீர். அதை அறியாத நிலையில் எவ்வளவு சிறந்த கற்பித்தலும் அந்த இடைவெளியை நிரப்ப முடியவில்லை. நம் குறைநீக்கல் வகுப்புகளுக்கும் இது பொருந்தும். ஒரு பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சி தருவதற்கு முன்னரோ, தரும்போதோ, அப்பிள்ளையின் கண், காது, உடல்நலம் ஆகியவை ஆராயப்பட்டுள்ளனவா என்பதைக் கேட்டறிவது நம் கடமையாகும்.

இரண்டு சகோதரிகளின் நிழற்படம்

தைராய்டு சுரப்பி எதற்காக இருக்கிறது என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் தெளிவாகத் தெரியாது. பெர்ன் நகரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் தியோடோர் கோகர், கழலை அறுவையில் ஒப்பற்ற திறமை பெற்றவர். குருதிப்போக்கும் தொற்றும் அஞ்சத்தக்கனவாய் இருந்த காலத்தில், கழலையை நுட்பமாக அகற்றி நோயாளிகளைப் பிழைக்க வைத்தார். 1874இல் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்குச் சுரப்பி முழுவதையும் அகற்றினார். அறுவை வெற்றி.

சில காலம் கழித்து அச்சிறுமியின் இயல்பே மாறிவிட்டதாக அவளுடைய ஊர் மருத்துவர் தெரிவித்தார். துடிப்பாக இருந்தவள் சோர்ந்து மந்தமாகிவிட்டாள். கோகர் தம் பழைய நோயாளிகளை அழைத்து ஆராய்ந்து, 1883இல் முடிவுகளை வெளியிட்டார். அச்சிறுமியும் அவளுடைய தங்கையும் அறுவைக்கு முன் ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் இருந்தவர்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து எடுத்த நிழற்படத்தில் தங்கை வளர்ந்த பெண்ணாக நிற்கிறாள். அக்காள் சிறுமியின் உயரத்திலேயே, வீங்கிய முகத்துடன் நிற்கிறாள். இருவரும் ஒரே பெற்றோருக்குப் பிறந்தவர்கள். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். ஒருத்திக்குச் சுரப்பி இருந்தது, மற்றவளுக்கு இல்லை.

கோகர் இதை மறைக்கவில்லை. தம் அறுவையால் நேர்ந்த கேட்டை மருத்துவ உலகின் முன் தாமே எடுத்துரைத்தார். இனிச் சுரப்பியை முழுவதும் அகற்றலாகாது என்றார். தைராய்டு பற்றிய ஆய்வுகளுக்காக 1909இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. பிள்ளையின் வளர்ச்சிக்கும் அறிவுக்கும் இச்சுரப்பியே துணை என்பதை உலகுக்கு உணர்த்தியது அந்த இரண்டு சகோதரிகளின் கதைதான்.

ஆட்டின் சுரப்பியிலிருந்து ஒரு மருந்து

இல்லாததைக் கொடுத்தால் என்ன? 1891இல் இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் ஜார்ஜ் முர்ரே என்னும் மருத்துவர், ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஊசி வழி செலுத்தினார். சுரப்பி செயலிழந்து முகம் வீங்கி, பேச்சும் நடையும் தளர்ந்திருந்த அவர் சில மாதங்களில் தேறினார். பின்னர் 28 ஆண்டுகள் நலமாக வாழ்ந்தார். விரைவிலேயே, ஊசி தேவையில்லை, சுரப்பியை உண்டாலே போதும் என்பது கண்டறியப்பட்டது. வளர்ச்சி நின்றிருந்த பிள்ளைகளுக்கும் இம்மருந்து தரப்பட்டது. மருந்துக்கு முன்னும் பின்னும் எடுத்த அவர்களின் படங்களை வில்லியம் ஆஸ்லர் போன்ற புகழ்பெற்ற மருத்துவர்கள் வெளியிட்டனர். நின்றுபோன உயரம் மீண்டும் ஏறியது.

அதன்பின் கண்டுபிடிப்புகள் அடுத்தடுத்து வந்தன. 1895இல் செருமானிய வேதியியலாளர் யூஜின் பௌமான், தைராய்டு சுரப்பியில் அயோடின் இருப்பதைக் கண்டார். 1905இல் இங்கிலாந்தின் எர்னஸ்ட் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்னும் சொல்லை அறிமுகப்படுத்தினார். 1912இல் குடர்நாட்ச் என்னும் ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டைத் தீனியாகக் கொடுத்தார். அவை உரிய காலத்துக்கு முன்னரே கால் முளைத்து, மிகச்சிறிய தவளைகளாக மாறின. தவளையின் வாழ்க்கைச் சுழற்சியை அறிவியல் பாடத்தில் கற்பிக்கும்போது இச்செய்தியைச் சொல்லிப் பாருங்கள்; மாணவர்கள் கண்களை அகல விரிப்பார்கள். 1914ஆம் ஆண்டு கிறிசுதுமசு நாளில் அமெரிக்காவின் எட்வர்ட் கெண்டல் இந்த இயக்குநீரைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். அதுவே தைராக்சின்.

பள்ளிக்கூடத்தில் நடந்த ஆய்வு

இனி, இக்கட்டுரையை நான் எழுதக் காரணமாக இருந்த பகுதிக்கு வருகிறேன்.

அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றியுள்ள மாநிலங்களும் அயோடின் குறைந்தவை. அங்கே பணியாற்றிய டேவிட் மரைன் என்னும் மருத்துவ ஆய்வாளர், மீன் பண்ணை ஒன்றில் மீன்களின் கழுத்தில் தோன்றிய கட்டிகள் புற்றுநோய் அல்ல, கழலையே என்பதை முன்னரே காட்டியிருந்தார். நீரில் சிறிது அயோடின் சேர்த்ததும் அவை குறைந்தன. மீனுக்குப் பயன்பட்டது மனிதப் பிள்ளைகளுக்கும் பயன்படாதா என்பது அவருடைய கேள்வி.

1917இல் அவரும் கிம்பால் என்னும் இளைஞரும் ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரப் பள்ளிகளை நாடினர். ஐந்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்ற மாணவியரின் கழுத்தைப் பரிசோதித்தபோது பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சுரப்பி பெருத்திருந்தது. பருவமடையும் வயதில் உடலுக்கு இவ்வியக்குநீர் மிகுதியாக வேண்டியிருப்பதால், அந்த வயதுப் பெண்பிள்ளைகளிடமே கழலை அதிகம் தோன்றும். பெற்றோர் இசைந்த மாணவியர்க்கு நாளொன்றுக்கு 0.2 கிராம் சோடியம் அயோடைடு, பத்துப் பள்ளி நாள்களுக்குத் தரப்பட்டது. இளவேனிலில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை. அவ்வளவுதான் மருந்து. இசையாதவர்களின் பிள்ளைகளும் தொடர்ந்து பரிசோதிக்கப்பட்டனர்.

1921இல் வெளிவந்த முடிவுகளைப் பாருங்கள். தொடக்கத்தில் சுரப்பி இயல்பாக இருந்து, மருந்து உண்டவர்கள் 2,190 பேர். அவர்களில் கழலை தோன்றியது 5 பேருக்கு மட்டுமே. மருந்து உண்ணாதவர்கள் 2,305 பேர். அவர்களில் 495 பேருக்குத் தோன்றியது. ஏற்கெனவே சுரப்பி பெருத்திருந்து மருந்து உண்ட 1,182 பேரில் 773 பேருக்கு வீக்கம் குறைந்தது. உண்ணாத 1,048 பேரில் 145 பேருக்கே குறைந்தது.

இன்றைய ஆய்வு முறைப்படி இதில் குறை காணலாம். யார் மருந்து உண்பது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கவில்லை. பெற்றோரின் விருப்பமே தீர்மானித்தது. எனினும், ஐந்துக்கும் 495க்கும் இடையே உள்ள வேறுபாட்டை அக்குறையால் மட்டும் விளக்கிவிட முடியாது. நூற்றாண்டுகளாகக் குலத்தின் மீதும் தண்ணீரின் மீதும் போடப்பட்ட பழி, சில பள்ளிகளின் வகுப்பறைகளில் சில ஆண்டுகளில் விலகியது. கழுத்தைத் தொட்டுப் பார்த்துப் பதிவேட்டில் எழுதி வைத்த எளிய செயலின் பயன் இது.

உப்பு வீடு தேடி வந்தது

எல்லாருக்கும் மாத்திரை கொடுக்க இயலாது. எல்லாரும் நாள்தோறும் உண்பது உப்பு. சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில் ஓட்டோ பயார்ட் என்னும் மலைநாட்டு மருத்துவர் 1918இல் உப்பில் மிகச்சிறிதளவு அயோடைடைக் கலந்து, பனிக்காலத்தில் தனித்துவிடப்படும் கிரேகன் என்னும் சிற்றூரின் குடும்பங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். வேனில் வந்தபோது கழலைகள் சுருங்கியிருந்தன. 1922இல் அப்பென்செல் ஆசர்ரோடன் மாநிலத்தில் ஹான்ஸ் எகென்பெர்கர் என்னும் மருத்துவரின் முயற்சியால் அயோடின் உப்பு விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் நாட்டின் கழலை ஆணையமும் அதைப் பரிந்துரைத்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் குழந்தை மருத்துவர் டேவிட் கோவியின் முயற்சியால் 1924 மே மாதம் அயோடின் உப்பு கடைகளுக்கு வந்தது. பிற்காலத்தில் பொருளியல் அறிஞர்கள் அமெரிக்கப் படைப் பதிவுகளை ஆராய்ந்து, அயோடின் மிகக் குறைந்த பகுதிகளில் பிறந்தவர்களின் அறிவுத்திறன் அளவு இதனால் உயர்ந்தது என்று கணித்துள்ளனர்.

இது ஏதோ வெள்ளையர் நாட்டுக் கதை என்று எண்ணிவிட வேண்டா. நம் நாட்டின் சரவாக் மாநிலத்தின் உட்பகுதிகளிலும் கழலை பரவலாக இருந்தது. அங்குள்ள சிற்றூரின் குடிநீரில் அயோடின் கலந்து ஆஸ்திரேலிய மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 1981இல் புகழ்பெற்ற 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. மறு ஆண்டே சரவாக்கில் அயோடின் உப்புக்கான சட்டம் வந்தது. 2008இல் நாடு தழுவிய ஆய்வு ஒன்று 8 முதல் 10 வயதுவரையுள்ள பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் சிறுநீரில் அயோடின் போதிய அளவில் இல்லை. கடல் சூழ்ந்த தீபகற்பத்தில் இக்குறை இராது என்னும் எண்ணம் தவறு என்று அது காட்டியது. 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து நாடெங்கும் சமையல் உப்பில் அயோடின் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது.

பெற்றோர்களே, கடையில் உப்பு வாங்கும்போது பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். நம் சமையலறைகளில் கல்லுப்பும் இந்துப்பும் பழக்கத்தில் உள்ளன. அவற்றுள் அயோடின் சேர்க்கப்படாதவை உண்டு. அயோடின் உப்பை மூடிய கலத்தில் வையுங்கள். அதே வேளையில், அயோடின் நல்லது என்பதற்காக உப்பை அள்ளிப் போடுவதும் மருந்துக்கடையில் வாங்கி உண்பதும் தீது. அளவு மிகுந்தாலும் இச்சுரப்பி கெடும்.

பிறந்த குழந்தையின் சில துளிக் குருதி

உப்பு எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. அயோடின் போதுமான அளவு கிடைத்தாலும், ஏறத்தாழ மூவாயிரம் அல்லது நாலாயிரம் குழந்தைகளில் ஒன்று, சுரப்பி இல்லாமலோ சரிவர வேலை செய்யாமலோ பிறக்கிறது. பிறந்தவுடன் அக்குழந்தை பார்வைக்கு இயல்பாகவே இருக்கும். தாயின் இயக்குநீர் ஓரளவு காத்திருக்கும். அறிகுறிகள் வெளிப்படையாகத் தெரியும் வரையில் காத்திருந்தால் மூளைக்கு நேரும் கேட்டைப் பின்னர் மீட்க முடியாது. மருந்து கையில் இருந்தும் பல பிள்ளைகள் இப்படித்தான் இழக்கப்பட்டனர்.

கனடாவின் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த ழான் டுசோ என்னும் மருத்துவர், தாளில் ஊறவைத்து உலர்த்திய சில துளிக் குருதியிலிருந்தே இக்குறையை அறியும் முறையை உருவாக்கினார். 1974இல் அங்கே பிறந்த குழந்தைகளுக்கு அச்சோதனை தொடங்கியது. பிறந்த இரண்டு வாரங்களுக்குள் தைராக்சின் மாத்திரை தொடங்கினால், பெரும்பாலான குழந்தைகள் மற்றவர்களைப் போலவே வளர்ந்து படிக்கிறார்கள். நம் நாட்டில் 1998இலிருந்து இச்சோதனை கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்தது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடிக் குருதியே இதற்கு எடுக்கப்படுகிறது. மீண்டும் வரச்சொல்லி மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். 'குழந்தை நன்றாகத்தானே பால் குடிக்கிறது' என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னாலும் போய்வாருங்கள்.

வகுப்பறையில் நாம் காணக்கூடியது

பிறக்கும்போது நன்றாக இருந்த சுரப்பி, பள்ளி வயதில் கெடுவதும் உண்டு. உடலின் எதிர்ப்பாற்றலே தவறுதலாகச் சுரப்பியைத் தாக்குவது இதற்குப் பெரும்பாலும் காரணம். பெண்பிள்ளைகளிடம் இது மிகுதி. மூளை வளர்ச்சியின் முக்கியக் கட்டம் கடந்துவிட்டதால் அறிவு குன்றுவதில்லை. உரிய மருத்துவத்தால் நலம் பெறலாம். ஆனால், இதைக் கண்டுபிடிப்பது எளிதன்று. ஏனெனில், இப்பிள்ளை தொல்லை தராத பிள்ளை. ஓடாது, கத்தாது, வகுப்பில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். மதிப்பெண்ணும் பெரிதாகக் குறையாமல் இருக்கலாம். நாம் 'நல்ல பிள்ளை' என்று நற்சான்று எழுதும் பிள்ளைகளுள் ஒன்றாக அது இருக்கக்கூடும்.

முதலில் தெரியும் அறிகுறி, உயரம் ஏறாமல் நிற்பதே. நான் கற்பித்த ஒரு மாணவியின் தாயார் கூறியது இன்னும் நினைவில் உள்ளது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய நீலப் பினாஃபோர் இன்னும் அளவாக இருக்கிறதே என்று முதலில் மகிழ்ந்தாராம். காலணியும் மாற்ற வேண்டியதில்லை. சபைகூடலில் உயர வரிசையில் நடுவில் நின்ற பிள்ளை ஆண்டுக்கு ஆண்டு முன்னே நகர்ந்து வந்ததைக் கண்ட பிறகே அவருக்கு ஐயம் எழுந்தது. கிளினிக்கில் ஒரே ஒரு குருதிச் சோதனையில் காரணம் தெரிந்தது. நாள்தோறும் ஒரு மாத்திரை. ஓராண்டுக்குள் பிள்ளை வரிசையில் பின்னே நகரத் தொடங்கினாள். 'இப்போது வீட்டில் வாயாடுகிறாள், ஆசிரியர்' என்று தாயார் சிரித்துக்கொண்டே முறையிட்டார்.

நான்காம் ஆண்டு முதல் நம் மாணவர்களுக்கு 'செகாக்' உடற்தகுதிச் சோதனை நடைபெறுகிறது. அப்போது உயரமும் எடையும் எழுதப்படுகின்றன. அந்த எண்களை ஏட்டில் நிரப்பி அனுப்புவதோடு நின்றுவிடாமல், சென்ற ஆண்டின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு ஆசிரிய நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பருவமடையும் முன்னர் ஒரு பிள்ளை ஆண்டொன்றுக்கு 5 அல்லது 6 சென்டிமீட்டர் வளரும். 4 சென்டிமீட்டரும் வளரவில்லை என்றால் பெற்றோரிடம் தெரிவிப்பது நன்று. அளக்கும்போது காலணியைக் கழற்றச் சொல்லுங்கள். பெண்பிள்ளைகளின் கொண்டையையும் கவனியுங்கள்.

சோர்வு, குளிர் தாங்காமை, உலர்ந்த தோல், மலச்சிக்கல், காரணமின்றி உப்பிய முகம், கழுத்தின் முன்புற வீக்கம் ஆகியவையும் அறிகுறிகளே. இவை தென்பட்டால் இந்நோய்தான் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. குட்டையாக இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் தாய் தந்தையைப் போன்றோ, சற்றுத் தாமதமாகவோ வளரும் நலமான பிள்ளைகள். நோயைத் தீர்மானிப்பது மருத்துவரின் பணி. ஐயத்தை அன்போடும், மற்றவர் காதில் விழாமலும் எடுத்துச் சொல்வது நம் பணி.

மாத்திரை உண்ணும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு சொல். மருத்துவர் சொல்லாமல் அதை நிறுத்தாதீர்கள். காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பது நன்று. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுக்க வேண்டா. அவை மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். 'ஹார்மோன் மாத்திரை' என்னும் பெயரைக் கேட்டு அஞ்சவும் வேண்டா. உடலில் இயல்பாகச் சுரக்க வேண்டியதை வெளியிலிருந்து தருகிறோம், அவ்வளவே.

ஆல்ப்ஸ் மலையில் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பெயரைச் சூட்ட ஒரு கணம் போதுமாக இருந்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த காரணத்தைக் கண்டறியப் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. இன்று நமக்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை. ஓர் அளவுகோலும், ஒரு குருதிச் சோதனையும், பிள்ளையை உற்றுப் பார்க்கும் ஒரு பெரியவரும் போதும். அடுத்த முறை ஒரு பிள்ளையை 'மந்தம்' என்று சொல்ல நா எழும்போது, அப்பிள்ளையின் உயரப் பதிவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.